பெயரும் விலையும்: கடல் கடந்த ஆப்பிரிக்கக் கலைக்கூடங்கள்

1992இல் நியூயார்க் நகரின் சோஹோ பகுதியில், பிரின்ஸ் தெருவில், ஸ்கோட்டோ கேலரி என்ற சிறிய கலைக்கூடம் திறந்தது. தொடங்கியவர் நைஜீரியரான ஸ்கோட்டோ அகஹோவா. அவரோடு சேர்ந்து நடத்தியவர் அவர் மனைவி அலிக்ஸ் து செரெஷ். முதல் கண்காட்சிக்கான படைப்புகளைத் தேர்ந்து அமைத்தவர் ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மன். சமகால ஆப்பிரிக்கக் கலைக்கென்றே அந்த நகரத்தில் கதவு திறந்த முதல் சில இடங்களுள் அது ஒன்று. 1996இல் அதே கூடத்தில் இருவருடைய படைப்புகள் சேர்த்து வைக்கப்பட்டன. ஒருவர் சால் லெவிட்; அமெரிக்கக் கருத்துருக் கலையின் முன்னோடி, உலகம் அறிந்தவர். மற்றவர் எல் அனட்சுய். கானாவில் பிறந்து, நைஜீரியாவின் ன்சுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்துவந்தவர். மரப்பலகைகளை மோட்டார் ரம்பத்தால் கீறி, தீயால் கருக்கி அவர் உருவாக்கிய படைப்புகளை அன்று நியூயார்க்கில் அறிந்திருந்தவர்கள் மிகக் குறைவு. அந்த இருவரையும் ஒரே கூடத்தில் சரிசமமாக நிறுத்தியது துணிச்சலான வாதம்.

அனட்சுய் 1990இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் ஆப்பிரிக்கக் கலைஞர்களின் சிறு குழுவோடு பங்கேற்றிருந்தார். அடுத்து 2007இல்தான் அதே வெனிஸ் அவரைத் தலைநிமிர்ந்து பார்த்தது. ஃபோர்ச்சுனி மாளிகையின் முகப்பை மூடித் தொங்கிய அவருடைய உலோகத் திரை அந்த ஆண்டின் பேச்சாக இருந்தது. ன்சுக்காவில் எறியப்பட்ட மதுப் புட்டிகளின் மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்துச் செய்த திரை அது. 2015இல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது. 2023இல் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடம். 1990க்கும் 2007க்கும் நடுவே பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் பெயரை மேற்கில் உயிரோடு வைத்திருந்ததில் நியூயார்க்கின் ஸ்கோட்டோவுக்கும் லண்டனின் அக்டோபர் கேலரிக்கும் பெரும் பங்கு உண்டு. அக்டோபர் கேலரி, லண்டன் புளூம்ஸ்பரியில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் 1979 முதல் இயங்கிவருவது.

வெளிநாட்டில் ஆப்பிரிக்கக் கலைக்கூடம் திறப்பவர்களைப் பற்றிய செய்திகள் இன்று அடிக்கடி வருகின்றன. அவை பெரும்பாலும் ஏல விலைகளையும் திறப்பு விழாக்களையும் பேசுகின்றன. இந்தத் துறையின் நூறாண்டு வரலாற்றைச் சேர்த்துப் படிக்கும்போது அதன் மையம் வேறிடத்தில் இருப்பது தெரிகிறது. ஆப்பிரிக்காவின் பொருள்கள் மேற்குக்குப் போகாத காலமே இல்லை. செய்தவரின் பெயர்தான் கூடப் போகவில்லை. அந்தப் பெயரைப் படைப்போடு சேர்த்துக் கட்டுவதே ஒரு நல்ல கலைக்கூடம் செய்யும் தலையாய வேலை. பெயரும், வரலாறும், வருமானமும் கலைஞரிடமும் அவர் ஊரிடமும் திரும்பிச் சேர்கின்றனவா என்பதை வைத்தே அந்தக் கூடத்தை மதிப்பிட வேண்டும்.

பெயர் இல்லாமல் போனவை

1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைத் தாக்கி எரித்தது. அரண்மனையின் பித்தளைத் தகடுகளும் தந்தச் சிற்பங்களும் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் ஏலக் கடைகளுக்கும் சிதறின. அவற்றை வார்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அரசவைக்குப் பணிசெய்த வார்ப்புக் கலைஞர் குழுவினர். அருங்காட்சியகச் சீட்டுகளில் இனத்தின் பெயரும் இடத்தின் பெயரும் இருந்தன. மனிதரின் பெயர் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் ஓவியர்கள் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு திகைத்தபோது அவற்றுக்கு ஒரு சந்தையும் பிறந்தது. அதில் பெயர்பெற்ற வணிகர் பால் கியோம். மோட்டார் வாகனக் கடையில் வேலைசெய்த இளைஞர் அவர். டயருக்கான ரப்பரோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரச்சிலைகளைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைக்க, அது கவிஞர் அப்போலினேரின் கண்ணில் பட்டது என்று சொல்வார்கள். 1914இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தமது 291 கூடத்தில் ஆப்பிரிக்க மரச்சிற்பங்களைக் கலையாகவே முன்வைத்தார். சிற்பங்கள் கியோமிடமிருந்து வந்தவை. நவீனக் கலையின் வேர் இதுதான் என்று அந்தக் கண்காட்சியின் தலைப்பு சொன்னது. அதே தலைப்பு அவற்றைச் செதுக்கியவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றும் சொன்னது. படைப்பை உயர்த்திப் படைத்தவரைத் தாழ்த்தும் இந்த வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

1924இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்கு நைஜீரியாவின் இகெரே அரண்மனையிலிருந்து செதுக்கிய கதவுகள் போயின. பிரிட்டிஷ் மியூசியம் அவற்றை விரும்பிக் கேட்டது. பதிலுக்கு மன்னருக்கு ஓர் அரியணை செய்து அனுப்பியது. கதவுகளைச் செதுக்கியவர் இசே ஊரைச் சேர்ந்த ஓலோவே. யொருபா நாட்டில் மன்னர்கள் தேடி அழைத்த சிற்பி, வாழும்போதே புகழ்பெற்றவர். ஐரோப்பிய ஆய்வாளர்கள் அவர் பெயரைக் கேட்டு எழுதப் பல ஆண்டுகள் ஆயின. பெயர் தெரியாத கலை என்று ஆப்பிரிக்காவில் எதுவும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் அது பெயரற்றதாக இருந்தது.

இது பழங்காலத்தோடு முடிந்த கதையும் இல்லை. 1991இல் நியூயார்க்கில் சூசன் வோகல் அமைத்த முக்கியமான ஆப்பிரிக்கக் கண்காட்சி ஒன்றில் மாலி நாட்டின் பமாகோ நகரில் எடுத்த கறுப்பு வெள்ளை உருவப்படங்கள் சில இருந்தன. பூவேலைத் துணித் திரைக்கு முன்னால், தங்கள் மிகச் சிறந்த உடையில், தன்மதிப்போடு அமர்ந்திருக்கும் மனிதர்கள். புகைப்படக்காரர் பெயர் தெரியவில்லை என்று குறிப்பு சொன்னது. அப்போது அவர் பமாகோவில் உயிரோடுதான் இருந்தார். சேய்து கெய்த்தா, 1948இல் ஸ்டூடியோ தொடங்கி, நகரத்தின் பாதிப் பேரையாவது படமெடுத்திருப்பார் என்று சொல்லும் அளவுக்கு அறியப்பட்டவர். பிரெஞ்சுக் கண்காட்சி அமைப்பாளர் ஆந்த்ரே மஞ்ஞேன் பமாகோ சென்று விசாரித்துக் கண்டுபிடித்தார். 1994இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. பெயர் கிடைத்ததோடு சிக்கல் தீரவில்லை. 2001இல் அவர் இறந்த பிறகு அந்த நெகட்டிவ்கள் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை எழுந்தது. பெயரை மீட்டுத் தருபவருக்கே பொருளும் சொந்தமாகிவிடுமா என்ற அந்தக் கேள்வி இந்தத் துறை முழுவதற்கும் உரியது.

வீட்டிலிருந்த கூடங்கள்

வெளிநாட்டுக் கூடங்கள்தாம் ஆப்பிரிக்க நவீனக் கலையை உருவாக்கின என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1958இல் நைஜீரியாவின் ஸாரியா நகரக் கலை, அறிவியல், தொழில்நுட்பக் கல்லூரியில் உச்சே ஒகேகே, டெமாஸ் ந்வோகோ, புரூஸ் ஒனோபிராக்பெயா முதலிய மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஐரோப்பியப் பயிற்சியையும் தம் மண்ணின் உருவ மரபையும் அவரவர் அறிவுக்கு ஏற்ப இணைத்துக்கொள்வது என்பது அவர்கள் கொள்கை. 1961இல் இபாதானில் ம்பாரி மன்றம் பிறந்தது. வோலே சோயிங்கா, சினுவா அச்செபே போன்ற இளம் எழுத்தாளர்களோடு ஊலி பையர் தொடங்கிய அந்த இடத்தில் நூல் வெளியீடும் நாடகமும் ஓவியக் கண்காட்சியும் ஒரே முற்றத்தில் நடந்தன. சூடானின் இப்ராஹிம் எல்-சலாஹி, மொசாம்பிக்கின் மலங்கத்தானா, அமெரிக்காவின் ஜேக்கப் லாரன்ஸ் ஆகியோரின் படைப்புகள் அங்கே காட்டப்பட்டன. லண்டனையோ பாரிஸையோ இடையில் வைக்காமல் சூடானும் மொசாம்பிக்கும் நைஜீரியாவில் சந்தித்துக்கொண்டன.

1966இல் செனகல் அதிபர் செங்கோர் டக்காரில் உலகக் கறுப்பினக் கலை விழாவை நடத்தினார். அதற்கென்றே கடலோரத்தில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. அதே ஆண்டில் ஜோஹன்னஸ்பர்க்கில் லிண்டா குட்மன் தொடங்கிய கலைக்கூடம், நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த நாட்டில் கறுப்பின ஓவியர்களையும் வெள்ளையின ஓவியர்களையும் பாகுபாடின்றிக் காட்டியது. 1977இல் லாகோஸ் தன் கறுப்பினக் கலைப் பெருவிழாவை நடத்தியது. விழாச் சின்னமான, பெனின் அரண்மனையிலிருந்து பறிக்கப்பட்ட ராணி இதியாவின் தந்த முகமூடியைக் கடனாகவாவது தரும்படி நைஜீரியா கேட்டது. பிரிட்டிஷ் மியூசியம் மறுத்தது.

பிறகு வறட்சியான காலம் வந்தது. 1980களில் கடன் சுமையும், அரசுச் செலவைச் சுருக்கச் சொன்ன கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டங்களும் பல்கலைக்கழகங்களை ஒடுக்கின. டக்காரின் அந்தக் கடலோர அருங்காட்சியகம் நீதிமன்றமாக மாறியது. 1994 ஜனவரியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் புழங்கிய சிஎஃப்ஏ ஃபிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது. இறக்குமதியாகும் வண்ணமும் கான்வாஸும் இரட்டிப்பு விலையாயின. ஆசிரியர்களும் கலைஞர்களும் வெளியேறினார்கள். வெளிநாட்டுக் கூடங்களின் எழுச்சிக்குப் பின்னால் வீட்டில் மூடப்பட்ட கதவுகள் இருக்கின்றன. இதைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த எழுச்சியை மட்டும் கொண்டாட என்னால் முடியவில்லை.

1989க்குப் பிறகு

1989இல் ஜான் உபேர் மார்த்தேன் பாரிஸில் அமைத்த 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சி ஒரு திருப்பம். நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். மேற்கைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. அதைக் கண்ட செல்வந்தர் ஜான் பிகோஸி, மஞ்ஞேனின் துணையோடு ஆப்பிரிக்கச் சமகாலக் கலையில் மாபெரும் தனியார் சேகரிப்பைத் தொடங்கினார். கொங்கோவின் ஷெரி சாம்பா, அட்டையிலும் தாளிலும் கற்பனை நகரங்களைக் கட்டிய கிங்கெலெஸ், தம் மக்களின் மொழிக்கென எழுத்துமுறை படைத்த ஐவரிகோஸ்டின் புரூலி புவாப்ரே ஆகியோர் இந்த வழியாகவே உலகின் பார்வைக்கு வந்தார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2018இல் கிங்கெலெஸுக்கு முழுவாழ்வுக் கண்காட்சி நடத்தியது.

இந்த வழியை விமர்சித்தவர்கள் ஆப்பிரிக்கர்களே. கல்லூரியில் கற்ற, கோட்பாடு பேசத் தெரிந்த, அரசியல் கூர்மையுள்ள கலைஞர்கள் ஒதுக்கப்பட்டு, தாமாகக் கற்றவர்கள் மட்டும் அசல் ஆப்பிரிக்கர்களாகக் காட்டப்படுகிறார்கள் என்று ஒக்வி என்வெசோர், ஒலு ஒகுய்பே போன்றோர் வாதிட்டார்கள். என்வெசோர் நைஜீரியாவிலிருந்து நியூயார்க் வந்து அரசியல் அறிவியல் படித்தவர், கவிதை எழுதியவர். 1994இல் 'ன்கா' என்ற கலை இதழை நண்பர்களோடு தொடங்கினார். 2002இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த பதினோராவது டாக்குமெண்டா கலைக் கண்காட்சியை இயக்கினார். ஐரோப்பாவைச் சேராத ஒருவருக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. 2015 வெனிஸ் பினாலேயையும் அவரே அமைத்தார். கலைக்கூடங்களின் வரலாற்றில் அவரை ஏன் சொல்ல வேண்டும்? விற்பனைக்கு முன்னால் எழுத்து வேண்டும். ஒரு படைப்பை எப்படிப் படிப்பது என்று வாசகருக்கும் அருங்காட்சியகத்துக்கும் சொல்லித்தர ஓர் இதழும் ஒரு விமர்சன மொழியும் இல்லாவிட்டால் மிக நல்ல கலைக்கூடமும் கைவினைப் பொருள் கடையாகவே பார்க்கப்படும். 1990களில் என்வெசோரின் தலைமுறை அந்த மொழியை உருவாக்கியது. 2010களின் தொழில்முனைவோர் அதன்மேல் நின்று கடை விரித்தார்கள்.

புதிய தொழில்முனைவோர்

இந்தத் தலைமுறையின் முகங்களில் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். மொராக்கோவின் ஓவியர் ஹசன் எல் கிளாவியின் மகள் தூரியா எல் கிளாவி. நிதி நிறுவனத்திலும் தொலைத்தொடர்புத் துறையிலும் பணியாற்றியவர். வேலை நிமித்தம் ஆப்பிரிக்க நகரங்களுக்குச் சென்றபோது அங்கே கண்ட கலை லண்டனில் கண்ணுக்கே படவில்லை என்பது அவரை உறுத்தியது. 2013இல் லண்டன் சாமர்செட் ஹவுஸில் '1-54' என்ற கலைச் சந்தையைத் தொடங்கினார். ஒரு கண்டம், 54 நாடுகள் என்பதே பெயரின் பொருள். 2015இல் நியூயார்க்குக்கும் 2018இல் மர்ரகேஷுக்கும் அது விரிந்தது. சிறு கூடங்கள் தனித்தனியாகச் சேகரிப்பாளரைத் தேடி அலைந்த நிலையை அந்தச் சந்தை மாற்றியது. சில நாள்களில் ஒரே கூரையின்கீழ் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களும் வாங்குவோரும் வந்து சேர்ந்தார்கள்.

சோமாலிய வேர்கொண்ட பிரெஞ்சுப் பெண் மரியான் இப்ராஹிம் 2012இல் சியாட்டிலில் கூடம் திறந்தார். நியூயார்க்கை நாடாமல் தொலைவான ஒரு நகரத்தில் தொடங்கி, 2019இல் சிகாகோவுக்கு மாறி, 2021இல் பாரிஸிலும் 2023இல் மெக்சிகோ நகரத்திலும் கிளை திறந்தார். லாகோஸில் வளர்ந்த மரியா வர்ணவா 2011இல் லண்டனில் டிவானி கண்டெம்பரரியைத் தொடங்கியபோது, லாகோஸின் சமகாலக் கலை மையத்தை நடத்திவந்த பிசி சில்வா துணைநின்றார். முதல் நாளிலிருந்தே லாகோஸின் அறிவு லண்டன் கூடத்துக்குள் இருந்தது என்பதுதான் அதன் பலம். 2022இல் டிவானி லாகோஸிலும் இடம் திறந்தது.

எதிர்த்திசையில் புறப்பட்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் கூடம் நடத்தி, பிறகு வெளியே கால்வைத்தவர்கள் இவர்கள். செசில் ஃபக்கூரி 2012இல் அபிஜானில் தொடங்கி, 2018இல் டக்கார், 2021இல் பாரிஸ் என்று விரித்தார். அக்ராவில் கட்டுமானத் தொழில் நடத்திய மர்வான் ஸாக்கெம் 2016இல் திறந்த கூடத்துக்கு கானா விடுதலை பெற்ற ஆண்டையே பெயராக வைத்தார்: கேலரி 1957. அதன் லண்டன் கிளை 2020இல் வந்தது. கணக்கியல் படித்த அடென்ரெலே சோனாரிவோ 2015இல் லாகோஸில் ரெலே கேலரியைத் தொடங்கினார். 2017இல் வெனிஸ் பினாலேயில் நைஜீரியா முதன்முறை தனி அரங்கு வைத்தபோது அதன் அமைப்பாளர்களில் ஒருவர் அவர். 2021இல் ரெலே லாஸ் ஏஞ்சலஸ் சென்றது. ரகேப் சிலேயும் மெசாய் ஹைலெலெயுலும் அடிஸ் அபாபாவில் நிறுவிய அடிஸ் ஃபைன் ஆர்ட், எத்தியோப்பிய ஓவியத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தது. லாகோஸின் ஆர்ட்ஹவுஸ் ஏல நிறுவனத்தை 2007இல் தொடங்கியவர் நைஜீரியாவில் வாழும் இந்திய வம்சாவளியினரான கவிதா செல்லாராம். நைஜீரிய நவீன ஓவியங்களுக்கு உள்ளூரிலேயே வெளிப்படையான விலைப் பதிவு கிடைக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இவர்களில் பலர் கலைக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இல்லை. வங்கி, கணக்கு, கட்டுமானம் என்று வேறு துறைகளில் பழகியவர்கள். அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுமையான முதலீடும் ஒழுங்கான கணக்கும் இல்லாததால் மூடிப்போன நல்ல கூடங்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன. கலையறிவைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். மாதா மாதம் வாடகை கட்டும் திறனை அப்படி இரவல் வாங்க முடியாது.

கூடத்துக்குள் நடப்பது

கலைக்கூடத்தின் பணக் கணக்கு பொதுவாக எளிய ஏற்பாடு. கலைஞர் படைப்பை ஒப்படைக்கிறார்; விற்றால் பாதி கலைஞருக்கு, பாதி கூடத்துக்கு. அந்தப் பாதிக்குள்தான் வாடகை, ஊழியர் சம்பளம், கப்பல் செலவு, காப்பீடு, படச்சட்டம் போடுவது, புகைப்படம், கண்காட்சிக் கையேடு, கலைச் சந்தைகளில் அரங்கு வாடகை எல்லாம் அடங்க வேண்டும். கம்பாலாவிலிருந்தோ லுவாண்டாவிலிருந்தோ ஒரு பெரிய கான்வாஸைச் சுருட்டி மரப்பெட்டியில் அடைத்து, சுங்க ஆவணங்களோடு சிகாகோவுக்குக் கொண்டுவரும் செலவு, ஐரோப்பிய நகரம் ஒன்றிலிருந்து கொண்டுவருவதைவிடப் பல மடங்கு. தொடக்க நிலை ஓவியரின் படத்தை விற்றால் கிடைப்பது இந்தச் செலவைச் சில வேளைகளில் ஈடுகட்டுவதே இல்லை.

அதற்கும் மேலே விசா இருக்கிறது. தம் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கே வர முடியாமல் போன ஆப்பிரிக்கக் கலைஞர்கள் ஏராளம். படைப்பு எல்லை தாண்டுகிறது, படைத்தவர் தூதரக வாசலில் நிற்கிறார். அழைப்புக் கடிதம், வங்கி உத்தரவாதம், தங்குமிடச் சான்று என்று கூடத்தின் ஊழியர் வாரக்கணக்கில் செலவிடும் உழைப்பு எந்த விற்பனைக் கணக்கிலும் வராது. ஓவியர் நேரில் வந்து பேசுவதற்கும் வராமல் போவதற்கும் இடையே அவர் எதிர்காலத்தில் பெரிய வேறுபாடு உண்டு. வந்தவரைத்தான் அருங்காட்சியகப் பொறுப்பாளர் நினைவில் வைக்கிறார்.

யாரிடம் விற்பது என்பதில்தான் நல்ல கூடத்தின் நேர்மை தெரியும். உடனே மறுவிற்பனை செய்யக் காத்திருப்பவர் கூடுதல் விலை தருவார். அருங்காட்சியகம் தள்ளுபடி கேட்கும், முடிவெடுக்க மாதங்கள் எடுத்துக்கொள்ளும். பொறுப்புள்ள கூடம் இரண்டாவதைத் தேர்கிறது. படைப்பு ஒரு பொதுச் சேகரிப்பில் சேர்ந்தால் ஆய்வாளர் பார்ப்பார், மாணவர் பார்ப்பார், அடுத்த கண்காட்சிக்குக் கடன் கேட்பார்கள். டேட் அருங்காட்சியகம் 2011இல் ஆப்பிரிக்கப் படைப்புகளை வாங்குவதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. 2013இல் அங்கே இப்ராஹிம் எல்-சலாஹியின் முழுவாழ்வுக் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ம்பாரி மன்றத்தின் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வர அரை நூற்றாண்டு ஆனது.

ஏலத்தின் காய்ச்சல்

2018 பிப்ரவரியில் லண்டன் போனாம்ஸ் ஏலத்தில் பென் என்வோன்வு வரைந்த 'டுட்டு' 12 லட்சம் பவுண்டுக்கு விற்றது. இஃபே அரச குலத்துப் பெண் அடெடுட்டுவின் அந்த உருவப்படம் 1970களில் வரையப்பட்டு, பல ஆண்டுகள் காணாமல் போய், வடக்கு லண்டனில் ஒரு குடியிருப்பில் கண்டெடுக்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய நைஜீரியாவில் ஒற்றுமையின் அடையாளமாக அதன் நகல்கள் வீடுகளில் தொங்கின. அந்த விலையில் நியாயம் இருந்தது: ஓவியர் 1994இலேயே மறைந்தவர், இடம் உறுதியானவர், விலை வரலாற்றைப் பின்தொடர்ந்து வந்தது.

இளைஞர்கள் விஷயத்தில் வரிசை தலைகீழானது. கானாவின் அமோவாகோ போவாஃபோ, அக்ராவிலும் வியன்னாவிலும் படித்தவர். தூரிகையைத் தள்ளிவைத்து விரல்களால் தோலின் நிறத்தைக் குழைத்து வரையும் அவர் முறை உடனே அடையாளம் காணத்தக்கது. 2019இல் அவர் வரைந்த ஒரு படம் அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை 30,000 முதல் 50,000 பவுண்டு, போனது 6,75,000. மறு ஆண்டு டிசம்பரில் ஹாங்காங்கில் இன்னொரு படம் 30 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த உயரத்தைப் பார்த்து, அவரைப் போல வரையும் இளைஞர்களைத் தேடி வாங்குவோர் அக்ராவிலும் லாகோஸிலும் குவிந்தார்கள். சில ஆண்டுகளில் அலை வடிந்தது. ஏலங்களில் பல இளம் ஓவியர்களின் விலை சரிந்தது. விலை ஏறும்போது லாபம் எடுத்தவர்கள் வேறு. இறங்கும்போது பெயர் கெட்டவர்கள் அந்த ஓவியர்கள்.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மறுவிற்பனையில் கலைஞருக்கு ஒரு பங்கு தரும் உரிமை பிரிட்டனில் 2006 முதல் இருக்கிறது. நான்கு சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறையும், 12,500 பவுண்டுக்கு மேல் போகாத தொகை அது. அதுவும் தம் நாட்டில் அதே உரிமையைத் தரும் நாடுகளின் குடிமக்களுக்கே பெரும்பாலும் கிடைக்கும். அமெரிக்காவில் நாடு தழுவிய அத்தகைய உரிமையே இல்லை. எனவே ஓவியரைக் காக்கக்கூடியது கலைக்கூடம் எழுதும் ஒப்பந்தம்தான்: இத்தனை ஆண்டுகளுக்குள் ஏலத்தில் விற்பதில்லை, விற்க நேர்ந்தால் முதலில் கூடத்திடமே தருவது என்ற நிபந்தனைகள். இவற்றை மீறும் வாங்குபவரை அடுத்த முறை வாசலில் நிறுத்தும் மன உறுதியும் கூடத்துக்கு வேண்டும்.

திரும்பி வரும் பாதை

இந்தப் பத்தாண்டின் மிக நல்ல செய்தி ஏல அரங்குகளுக்கு வெளியே நடக்கிறது. போவாஃபோ தம் வருமானத்தில் 2022இல் அக்ராவில் இளம் கலைஞர்கள் தங்கி வேலைசெய்யும் கட்டடம் ஒன்றைத் திறந்தார். கானாவின் இப்ராஹிம் மஹாமா, கோகோ சுமந்து நைந்த சணல் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களையே போர்த்தும் பெரும் படைப்புகளால் அறியப்பட்டவர். அந்த வருவாயைக் கொண்டு 2019 முதல் நாட்டின் வடக்கே தமாலேயில் கலை மையங்களைக் கட்டிவருகிறார். தலைநகரிலிருந்து தொலைவான அந்த ஊரில் பள்ளிக் குழந்தைகள் அவர் கொண்டுவந்து நிறுத்திய பழைய விமானங்களுக்குள் அமர்ந்து பாடம் கேட்கிறார்கள். ஓவியர் மைக்கேல் ஆர்மிட்டேஜ் நைரோபியில் ஒரு கலை நிறுவனத்தை நிறுவியிருக்கிறார். கிழக்கு ஆப்பிரிக்க ஓவிய வரலாற்றை அங்கேயே ஆவணப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. கேமரூனில் பார்த்தெலெமி டோகோ தம் சொந்த ஊர்ப் பக்கம் பஞ்ஜூனில் எழுப்பிய மையத்தில் கலையோடு காப்பிப் பயிரும் விளைகிறது. பெனின் நாட்டில் மரி செசில் ஸென்சூ 2005இல் கோட்டனுவில் தொடங்கிய அறக்கட்டளை, பின்னர் உய்தாவில் இலவசமாகப் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தையும் திறந்தது.

பறிக்கப்பட்டவையும் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. அபொமே அரண்மனையின் 26 பொருள்களை பிரான்ஸ் 2021இல் பெனின் நாட்டுக்குத் திருப்பித் தந்தது. ஜெர்மனி 2022இல் பெனின் நகர வெண்கலங்களை நைஜீரியாவுக்குத் தரத் தொடங்கியது. பெயரில்லாமல் போனவை வீடு திரும்பும் அதே ஆண்டுகளில், பெயரோடு போனவற்றின் வருமானம் வீட்டில் கட்டடமாக எழுகிறது. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாகத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே வெளிநாட்டில் ஆப்பிரிக்கக் கலைக்கூடம் திறக்கும் ஒருவரிடம் நான் கேட்க விரும்புபவை இவை. உங்கள் கலைஞரைப் பற்றி எழுத யாரை அழைத்தீர்கள்? அந்த எழுத்து அவர் ஊரில் கிடைக்குமா? ஒவ்வொரு படைப்பும் எங்கே இருக்கிறது என்ற பதிவு கலைஞரிடமும் உள்ளதா? எத்தனை படைப்புகளைப் பொதுச் சேகரிப்புகளில் சேர்த்தீர்கள்? சந்தை இறங்கும் ஆண்டில் அவரைக் கைவிடாமல் கண்காட்சி வைப்பீர்களா? கண்டத்தின் பெயரை வாசலில் எழுதிவிட்டு, உள்ளே ஒவ்வொருவரையும் தனி மனிதராக, தனி நகரத்தின், தனி மரபின் பிள்ளையாகக் காட்டுகிறீர்களா?

கடைசிக் கேள்வியே எனக்கு மிக முக்கியமானது. 54 நாடுகளின் கலையை ஒரே பெயரில் விற்பது தொடக்கத்தில் தேவையாக இருந்தது. கவனிக்காத உலகத்தைக் கவனிக்க வைத்த பொதுப்பெயர் அது. ஆனால் அனட்சுயை இன்று யாரும் ஆப்பிரிக்கக் கலை என்ற அறைக்குள் மட்டும் தேடுவதில்லை. அவர் அனட்சுய், அவ்வளவுதான். ஸ்கோட்டோ கேலரி 1996இல் அவரை லெவிட்டோடு நிறுத்தியபோது முன்வைத்த வாதம் வென்றுவிட்டது. இன்று தொடங்கும் கூடங்கள் அந்த வெற்றியைத் தம் ஒவ்வொரு கலைஞருக்கும் பெற்றுத்தர உழைக்க வேண்டும். பொதுப்பெயரின் துணையில்லாமலே அவர்கள் அறியப்படும் நாளில், அந்தக் கூடங்கள் தம் வேலையைச் செய்து முடித்திருக்கும்.